எத்தனை தலையணை?

இதயம் பலவீனமான முதியவரிடம் மருத்துவர் தவறாமல் கேட்பது: "ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?" மட்டமாகப் படுத்தால் கால்களில் தேங்கிய நீர் ரத்தத்துக்குத் திரும்பி, நுரையீரலில் சேர்ந்து மூச்சு முட்டும். ஒரு தலையணையில் தூங்கியவருக்குத் திடீரென்று மூன்று தேவைப்பட்டால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடக் கூடாது. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரியவர்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள். வீட்டில் இருப்பவர்கள்தான் கேட்க வேண்டும்.

நெஞ்செரிச்சலுக்கு வழி வேறு. தலையணைகளை அடுக்கினால் வயிறு மடங்கி எரிச்சல் கூடலாம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் உறுதியான மரக்கட்டை வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துவதே மேல். இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் இரைப்பை உணவுக்குழாயைவிடத் தாழ்ந்திருக்கும். அமிலம் மேலேறுவது குறையும்.

மூட்டுவலியா? ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை.

கால் வீக்கத்தோடு இரவில் பலமுறை சிறுநீருக்கு எழுபவர்கள், பிற்பகலில் கொஞ்ச நேரம் கால்களை உயர்த்தி வைக்கலாம். தேங்கிய நீர் படுக்கும் முன்பே வெளியேறிவிடும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதைக் காலையிலேயே போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.