அடிமை ஒழிந்தது! நிலம் எங்கே?

(தாம்பரத்தை அடுத்த ஒரு கிராமத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், அடிமைமுறை ஒழிந்த பிறகு அடிமையாயிருந்தவனுக்குக் கிடைத்தது என்ன என்பதாகும். இது அமெரிக்காக்காரன் சங்கதியாயிற்றே, தாம்பரத்திலும் பெருங்களத்தூரிலும் முடிச்சூரிலும் குடியிருக்கின்ற நமக்கு இதில் என்ன ஜோலி என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். அமெரிக்கா சங்கதியையும் சொல்லத்தான் போகின்றோம். ஆனால் அதைச் சொல்லுவது, நம் காலடியில் கிடக்கின்ற மண்ணின் சங்கதி சுலபமாய் விளங்கட்டும் என்பதற்காகவேயொழிய வேறல்ல.

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரையில் வடபகுதிக்கும் தென்பகுதிக்கும் பெரிய சண்டை நடந்தது. தென்பகுதியார் தாங்கள் தனியாய்ப் பிரிந்துபோவதாகச் சொன்னார்கள். பிரிந்துபோவதற்குக் காரணம், சுமார் 40 லட்சம் கறுப்பு மக்களை ஆடுமாடுபோல் வைத்து வேலை வாங்கும் பாத்தியம் தங்களை விட்டுப் போய்விடக்கூடாது என்பதுதான். சண்டையில் அவர்கள் தோற்றார்கள். 1865 டிசம்பரில் இனி அடிமை கூடாது என்று அந்நாட்டு அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டது. சரி, விடுதலையாகிவிட்டது. மறுநாள் காலையில் அந்த மனிதன் எங்கே போவான்? அவன் நிற்கின்ற நிலம் எஜமானனுடையது. படுக்கின்ற குடிசை எஜமானனுடையது. ஏரும் மாடும் விதையும் எஜமானனுடையவை. அவனுக்கென்று இருந்தது இரண்டு கையும் இரண்டு காலுந்தான்.

இதை உணர்ந்த ஒரு சேனாதிபதியும் இருந்தார். ஷெர்மன் என்பவர், சண்டை முடிவதற்கு முன்பே 1865 ஜனவரியில், கடலோரத்தில் எஜமானர்கள் விட்டு ஓடிய நிலத்தைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரையில் பிரித்துக் கொடுக்கும்படி உத்தரவு போட்டார். சுமார் 40,000 பேர் குடியேறி உழுது விதைத்தார்கள். ஏப்ரலில் லிங்கன் சுடப்பட்டு இறந்தார். அவருக்குப் பின் வந்த ஜான்சன் என்னும் ஜனாதிபதி, தோற்றுப்போன எஜமானர்களுக்கு மன்னிப்புக் கொடுத்து, நிலத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அக்டோபரில் ஹோவர்டு என்ற மற்றொரு சேனாதிபதி எடிஸ்டோ என்ற தீவுக்குப் போய், "இந்த நிலம் உங்களுடையதல்ல" என்று அந்த ஜனங்களின் முகத்துக்கு நேரே சொல்லவேண்டியதாயிற்று. அடிமைப்பட்டவனுக்குப் பட்டா கொடுத்து எட்டு ஒன்பது மாதத்தில் பிடுங்கிக்கொண்ட கதை இது.

பிறகு 1868-இல் பிரஜா உரிமை வந்தது. 1870-இல் ஓட்டு வந்தது. அந்த ஆண்டே மிசிசிப்பியிலிருந்து ஹிராம் ரெவல்ஸ் என்னும் கறுப்பர் செனட் சபையில் போய் உட்கார்ந்தார். ஆனால் 1877-இல் வடபகுதிச் சிப்பாய்கள் காவலை விட்டுப் போனார்கள். போன பிறகு ஓட்டுக்கு வரி என்றார்கள், படிப்புப் பரீட்சை என்றார்கள், இரவில் முகமூடி போட்டுக்கொண்டு வந்து அடித்தார்கள். எழுதியிருந்த ஓட்டு கைக்கு வருவதற்கு 1965 வரையில் காத்திருக்கவேண்டியதாயிற்று. நிலமில்லாதவன் பழைய எஜமானனிடமே வாரத்துக்கு உழுது, அவன் சொன்ன கடனுக்கெல்லாம் தலையாட்டினான்.

அந்தச் சண்டை நடந்த காலத்தில், அமெரிக்கப் பஞ்சு கப்பலேறாததால் நம் நாட்டுப் பருத்திக்கு விலை ஏறிற்று. வியாபாரிகள் பணம் பண்ணினார்கள். அதற்குக் கொஞ்சம் முன்பு, 1860 அக்டோபரில், சென்னைத் துறைமுகத்திலிருந்து துரூரோ என்ற கப்பல் நம் கூலிகளை ஏற்றிக்கொண்டு நேட்டாலுக்குப் போயிற்று. வெள்ளைக்காரன் தன் குடியேற்ற நாடுகளில் அடிமையை ஒழித்தபோது, கரும்புத் தோட்டத்துக்கு வேறு ஆள் வேண்டியிருந்ததல்லவா? 1833-இல் அதற்காகச் சட்டம் செய்த பிரிட்டிஷ் பார்லிமெண்டு 2 கோடி பவுன் நஷ்டஈடு கொடுத்தது. யாருக்கு? அடிமைக்கல்ல, எஜமானனுக்கு! திருடு கொடுத்தவனை விட்டுவிட்டுத் திருடனுக்கு ஈடு கட்டிய நியாயம் உலகத்தில் இதுவாகத்தானிருக்கும். மராட்டியத்தில் ஜோதிராவ் பூலே இந்த அமெரிக்கச் சங்கதியை அன்றே கவனித்தவர். 1873-இல் தாம் எழுதிய "குலாம்கிரி" என்னும் புத்தகத்தை, அடிமையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். நம் ஊர்ப் பண்டிதர்களோ அந்தக் காலத்தில் எந்தக் கோவிலில் யாருக்கு முதல் தீர்த்தம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இனி நம் சங்கதிக்கு வருவோம்.

இந்தச் செங்கற்பட்டுச் சீமையில் அடிமை இல்லையா? இருந்தது. மிராசுதாருக்குப் படியாள் என்றும் பண்ணையாள் என்றும் பேர் வைத்துக்கொண்டால் அடிமை இல்லையென்று ஆகிவிடுமா? 1843-ஆம் ஆண்டு 5-வது சட்டத்தில் முதல் பிரிவு என்ன சொல்லுகின்றது? சர்க்கார் வரிக்காகவோ கோர்ட்டு டிகிரிக்காகவோ, அடிமை என்று சொல்லி எந்த மனிதனையும் உத்தியோகஸ்தர்கள் விற்கக் கூடாது என்கின்றது. இல்லாத வியாதிக்கு யாராவது மருந்து எழுதுவார்களா? அந்தச் சட்டம், அடிமை பாத்தியத்தைக் கோர்ட்டு ஒத்துக்கொள்ளாது என்றது. அவ்வளவுதான். அடிமையை வைத்திருப்பவனுக்குத் தண்டனை இல்லை. தண்டனை வந்தது இந்தியன் பீனல் கோடு அமுலுக்கு வந்த 1862-இல். அதுவும் யாருக்குத் தெரியும்? எழுதப் படிக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவனுக்குக் கெஜட்டில் போட்டால் போதுமா?

அமெரிக்காவுக்கும் நமக்கும் இதில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அமெரிக்கா வடக்கு தெற்கு என்று ஒரே ஒரு கோட்டால் பிளந்தது. நம் நாடோ கிராமத்துக்கு ஒரு கோடு போட்டு, ஊர் என்றும் சேரி என்றும் பிரித்து வைத்திருந்தது. அங்கே எஜமானன் சண்டை போட்டுத் தோற்றான். இங்கே சண்டையும் இல்லை, தோல்வியும் இல்லை. ஆகவே தான் செய்தது தப்பு என்று இங்கே எந்த எஜமானனும் ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. போதாக்குறைக்கு "முன்ஜென்ம வினை" என்று அடிமையே சொல்லும்படி அவனுக்குப் பாடம் வேறு சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அமெரிக்க எஜமானனுக்குச் சாட்டை வேண்டியிருந்தது. நம்மவர்களுக்குப் பாதி வேலையைப் புராணமே செய்துவிட்டது.

சட்டம் வந்து ஐம்பது வருஷம் ஆகப்போகிற சமயத்தில், செங்கற்பட்டு ஜில்லாக் கலெக்டராயிருந்த டிரெமென்ஹீர் என்பவர், 1891-இல் இந்த ஜில்லாப் பறையர்களின் நிலைமையைப் பற்றி ஒரு நீண்ட குறிப்பு எழுதிச் சர்க்காருக்கு அனுப்பினார். அன்றைய ஜில்லாக் கச்சேரி இருந்தது, நம் மின்சார ரயில் நின்று போகின்ற சைதாப்பேட்டையில். அவர் கண்டது என்ன? தரிசு நிலம் ஏராளமாய்க் கிடக்கின்றது. உழுவதற்குக் கையும் இருக்கின்றது. ஆனால் சேரிக்காரன் தர்க்காஸ்து போட்டால், மிராசுதார் "எனக்கல்லவா முதல் பாத்தியம்" என்று குறுக்கே வந்து வாங்கிக்கொள்ளலாம். குடிசை போட்டிருக்கின்ற இடமும் மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்து எறிந்துவிடலாம். குடியிருக்க நாலு முழ இடம் சொந்தமில்லாதவன் கூலி அதிகம் கேட்பானா? கோர்ட்டில் சாட்சி சொல்லுவானா?

செங்கற்பட்டில் இருந்த ஆடம் ஆண்ட்ரூ முதலிய பாதிரிமாரும் இதையே எழுதினார்கள். "மதம் மாற்றுவதற்காக எழுதினார்கள்" என்று சில கனவான்கள் இன்றும் சொல்லுகின்றார்கள். இருக்கட்டுமே! நம் மடாதிபதிகள் தங்கள் மதத்திலேயே வைத்துக்கொள்வதற்காகவாவது ஒரு ஏக்கர் கேட்டு மனுப் போட்டிருக்கலாமே, யார் தடுத்தார்கள்?

இதன் பலனாக 1892 செப்டம்பர் 30-ந் தேதி சென்னைச் சர்க்கார் 1010-ஆம் நம்பர் உத்தரவைப் போட்டது. அதன் வழியாய்த் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய நிலத்துக்குத்தான் பஞ்சமி நிலம் என்று பேர். பஞ்சமி என்றவுடன் பஞ்சாங்கத்தை எடுத்துத் திதி பார்க்க வேண்டாம். பஞ்சமர் நிலம் என்பதே பஞ்சமி நிலமாயிற்று. மாகாணம் முழுவதிலும் 12 லட்சம் ஏக்கர் என்று பொதுவாய்ச் சொல்லுகின்ற கணக்கு. கணக்கில் கூடக்குறைய இருந்தாலும், நிபந்தனையில் சந்தேகமில்லை: பத்து வருஷத்துக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ தானம் கொடுக்கவோ கூடாது; அதற்குப் பின்னும் அதே வகுப்பாருக்குத்தான் விற்கலாம்; மீறினால் சர்க்கார் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு கெட்டியாய் எழுதியும் நிலம் எப்படிப் போயிற்று? ஒரு கிராமத்தில் நாம் கண்டதைச் சொல்லுகின்றோம். ஊர் பேர் வேண்டாம். ஒரு மூதாட்டி தகர டப்பாவிலிருந்து மாமனார் காலத்துப் பட்டாவை எடுத்துக் காட்டினார். நிலம் எங்கே அம்மா என்றோம். அதோ என்று கை காட்டினார். அங்கே மூன்று மாடி வீடு நிற்கின்றது. மாமனாருக்குக் கருமாதி செய்வதற்குப் புருஷன் கடன் வாங்கினாராம், கைநாட்டு வைத்தாராம், பிறகு உழப்போனால் உள்ளே விடவில்லையாம். செத்தவர் சொர்க்கத்துக்குப் போனாரோ இல்லையோ, நிலம் போய்விட்டது. அந்த அம்மாள் இப்போது அந்த மூன்று மாடி வீட்டிலேயே பாத்திரம் துலக்குகின்றார்.

1994 அக்டோபர் 10-ந் தேதி, காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கற்பட்டில் போராடியவர்கள்மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இரண்டு தோழர்கள் செத்தார்கள். சர்க்காரே எழுதிக் கொடுத்த உத்தரவைச் சர்க்காரே நடத்திக் கொடு என்று கேட்டதற்குக் கிடைத்தது குண்டு. இது எடிஸ்டோ தீவைவிட எந்த விதத்தில் குறைந்தது?

மற்ற உரிமைகள் வரவில்லையா என்றால், வந்தன. அதை மறைப்பது யோக்கியமாகாது. பரங்கிமலையில் பிறந்த எம். சி. ராஜா போன்றவர்களின் முயற்சியால் 1922-இல் சர்க்கார் காகிதங்களில் ஆதிதிராவிடர் என்ற பேர் ஏறிற்று. இந்த ஜில்லாவில் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், வீரையன் முதலியவர்கள் சட்டசபையில் போராடியதால், 1924-இல் பொதுத் தெருவும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் என்று உத்தரவாயிற்று. 1950-இல் தீண்டாமை ஒழிந்ததென்று அரசியல் சட்டம் சொல்லிற்று. எல்லாருக்கும் ஓட்டும் வந்தது. ஆனால் தெருவில் நடக்க உரிமை கொடுத்தவர்கள், அந்தத் தெருவில் ஒரு வீட்டு மனை கொடுப்பதற்கு மட்டும் ஏன் இவ்வளவு தயங்குகின்றார்கள்?

பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. 2019 ஜூலையில், நம் பக்கத்துக் காஞ்சிபுரம், வேலூர் ஜில்லாக்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். அவர்களில் ஒரு கிழவர், மீட்க வந்த அதிகாரியின் காலில் விழுந்த படம் பத்திரிகைகளில் வந்தது. சட்டப்படி தனக்குச் சேரவேண்டியதை வாங்குவதற்குக் காலில் விழவேண்டும் என்று அந்தக் கிழவருக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? இப்படி மீட்கப்படுகின்ற வயது வந்த ஆணுக்கு 1 லட்சம் ரூபாய் மறுவாழ்வுப் பணம் என்று மத்திய சர்க்கார் திட்டம் சொல்லுகின்றது. கேட்க நன்றாயிருக்கின்றது. ஆனால் கொஞ்சம் கைப்பணத்தை முன்னே கொடுத்துவிட்டு, முழுத் தொகையை முதலாளி கோர்ட்டில் தண்டிக்கப்பட்டால்தான் என்று முடிச்சுப் போட்டு வைத்திருக்கின்றார்கள். கேஸ் எப்போது முடியும்? அதுவரையில் அந்தக் குடும்பம் சாப்பிட வேண்டாமா? பசிக்கு மறுபடியும் முன்பணம் வாங்கினால் மறுபடியும் அதே சூளை, அதே மில்.

ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கின்றார்: "பஞ்சமி நிலத்தில் தெரியாமல் மனை வாங்கி வீடு கட்டிய ஏழைகளை என்ன செய்வது?" நல்ல கேள்வி. ஆயுள் பூராவும் மிச்சம் பிடித்து, கடன் வாங்கி, அரைக் கிரவுண்டில் வீடு கட்டிய ஆபீஸ் குமாஸ்தாவின்மேல் நமக்குக் கோபமில்லை. அவரைத் தெருவில் நிறுத்துவது நம் உத்தேசமுமல்ல. நிபந்தனை தெரிந்தே வாங்கி, மனை மனையாய் அறுத்து விற்றவனையும், கண்ணை மூடிக்கொண்டு பதிவு செய்து கொடுத்தவனையுந்தான் கேட்கின்றோம். வீடு எழும்பிவிட்ட இடத்துக்குப் பதில் வேறு நிலமோ மனையோ சர்க்கார் கொடுக்கட்டும். கட்டாமல் வேலி போட்டு வைத்திருப்பதை உடனே எடுத்துக் கொடுக்கட்டும். விமான நிலையத்துக்கும் ரோட்டுக்கும் நிலம் எடுக்கத் தெரிந்த சர்க்காருக்கு, தன்னுடைய நிலத்தைத் தானே எடுக்கத் தெரியாதா?

அதற்கு முதல் வேலை, எது எவருடைய நிலம் என்று தெரிந்துகொள்ளுவது. உங்கள் கிராமத்து அ-பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். 1979-க்குப் பின் புதுப்பித்த பதிவேட்டை மட்டும் பார்த்து ஏமாந்துபோகாதீர்கள். பழைய செட்டில்மெண்டுப் பதிவேட்டையும் சேர்த்துக் கேளுங்கள். நிபந்தனைப் பட்டா என்றோ டி.சி. என்றோ பழையதில் இருந்து புதியதில் இல்லையென்றால், அந்தச் சர்வே நம்பரைத் தனியாய்க் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்று சொன்னால் 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன பதிலை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மேடைக்கு இடப்பக்கம் இரண்டு தோழர்கள் மனுத் தாளோடு உட்கார்ந்திருக்கின்றார்கள். பட்டாவோ ரசீதோ சர்வே நம்பரோ வைத்திருப்பவர்கள், எழுதப் படிக்கத் தெரியாது என்று கூச்சப்படாமல் அவர்களிடம் வாருங்கள். தகர டப்பாவை அப்படியே கொண்டுவந்தாலும் சரிதான்.