கல் வைக்க வெட்கப்பட வேண்டாம்

(தோட்டத்து சனசமூக மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை நடந்த பாதுகாப்புக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வழக்கமாக நாங்கள் இங்கே வந்தால், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், பிள்ளைக்குத் தடுப்பூசி போடுங்கள் என்றுதான் பேசுவோம். இன்றைக்கு வேறொரு விசயம் பேச வந்திருக்கிறோம். நிறுத்தி வைத்த வண்டி தானாக உருண்டு போவதைப் பற்றி.

"எங்ககிட்ட வண்டியா இருக்கு, எங்களுக்கு ஏன் இந்தப் பேச்சு?" என்று சில அம்மாமார் நினைக்கலாம். வண்டி வைத்திருப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் வண்டி நிற்கும் ரோட்டுக்குக் கீழே குடியிருப்பவர்கள் நாம் எல்லோரும். நம்ம ரோடு மலையைச் சுற்றி வெட்டின ரோடு. ரோட்டுக்குக் கீழே மேட்டு லயம், அதற்குக் கீழே இன்னொரு வளைவு, அதற்கும் கீழே பணிய லயம். மேலே ஒரு லொறி நழுவினால் கீழே யார் வீட்டுக் கூரை என்று உங்களுக்கே தெரியும்.

போன மழைக்காலத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பின்னேரக் கொழுந்து நிறுத்து முடிந்து லொறியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் அங்கேதான் நின்றோம். லொறி மூக்கை மேட்டுப் பக்கம் வைத்து நின்றது. வெறும் லொறியாக இருக்கும்வரை அசையவில்லை. பாதி மூட்டை ஏறினதும் பாரம் கூடிப் போச்சு. சத்தமே இல்லாமல் பின்னால் நகர ஆரம்பித்தது. டிரைவர் தம்பி தேத்தண்ணி குடிக்க இறங்கியிருந்தார். ஒரு பையன் பின்னால் ஓடிப்போய் இரண்டு கையாலும் லொறியைத் தள்ளிப் பிடிக்கப் பார்த்தான். "விடுடா, விலகுடா!" என்று எல்லோரும் கத்தின கத்தில் கடைசி நேரத்தில் விலகினான். பின் சில்லு கானுக்குள் இறங்கி லொறி நின்றது. அந்த நேரம் கீழே பீலியில் மூன்று பொம்பளைப் பிள்ளைகள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அவர்களைக் காப்பாற்றியது கான்தான்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? எல்லோரும் டிரைவரைத்தான் ஏசினோம். அவர் "ஹேன்ட் பிரேக் இழுத்துத்தான் இறங்கினேன் ஐயா" என்றார். அது உண்மைதான். லீவர் உச்சிவரை இழுபட்டே இருந்தது. ஆனால் அது பிடிக்கவில்லை. "லீவர் மேலவரைக்கும் வருது, கேபிளைப் பாருங்க" என்று அதற்கு முன்னமே இரண்டு தரம் சொல்லியிருக்கிறார். சொன்னது வாய்ச்சொல்லாகவே போய்விட்டது.

ஹேன்ட் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். அநேகமான வண்டிகளில் லீவரை இழுத்தால் ஒரு கம்பிக் கேபிள் இழுபட்டு, பின் சில்லுகளில் இருக்கும் லைனிங்கை அழுத்திப் பிடிக்கும். கேபிள் நாள்பட நாள்பட நீண்டு தளரும், துருப்பிடிக்கும். லைனிங் தேயும். பள்ளத்துத் தண்ணீரில் நனைந்தாலும், எண்ணெய் கசிந்தாலும் வழுக்கும். முன்னே நாலைந்து பல்லில் நின்ற லீவர் இப்போது எட்டு, பத்து என்று மேலே வந்தால் அது வண்டி நமக்குச் சொல்லும் செய்தி. சில லொறிகளில் அது சில்லைப் பிடிப்பதே இல்லை. கியர்ப் பெட்டிக்குப் பின்னால் சுற்றும் தண்டைத்தான் பிடிக்கும். அப்படிப்பட்ட லொறியில் ஒரு பின் சில்லை ஜாக் போட்டுத் தூக்கினால், ஹேன்ட் பிரேக் இழுத்திருந்தாலும் வண்டி உருளும். பின் சில்லில் டிஸ்க் பிரேக் உள்ள கார்களில் இன்னொரு விசயம். நீண்ட இறக்கம் இறங்கி வந்த சூட்டோடு நிறுத்தினால், சூடு ஆறும்போது பிடி தளரலாம். நிறுத்தி அரை மணி நேரம் கழித்து உருண்டு போன கார்களும் உண்டு.

பழுது ஒரு பக்கம். பழக்கத்தில் வரும் பிழை இன்னொரு பக்கம். அதற்கு ஒரு ரயில் கதை சொல்கிறோம். கனடா நாட்டில் 2013 ஜூலை மாதம் நடந்தது. 72 தாங்கிகளில் மசகு எண்ணெய் ஏற்றின ரயிலை, இரவு ஒரு சரிவில் நிறுத்தினார்கள். ரயில் பெட்டிக்கும் கையால் சுற்றி இறுக்கும் பிரேக் உண்டு. ரயில் ஓட்டுநர் ஏழு பிரேக்கை இறுக்கினார். பிடிக்கிறதா என்று சோதித்தும் பார்த்தார். ஆனால் சோதிக்கும்போது எஞ்சினின் காற்று பிரேக் போட்டபடியே இருந்தது. ரயில் அசையவில்லை. சரி, பிடிக்கிறது என்று நினைத்துப் படுக்கப் போனார். உண்மையில் பிடித்துக்கொண்டிருந்ததில் பெரும்பங்கு காற்று பிரேக்குடையது.

கொஞ்ச நேரத்தில் எஞ்சினில் தீப்பிடித்தது. தீயணைப்புக்காரர்கள் வந்து அணைத்து, எஞ்சினையும் நிறுத்திவிட்டுப் போனார்கள். எஞ்சின் நின்றதும் காற்று மெல்ல மெல்லக் கசிந்தது. நடுச்சாமம் தாண்டி ஆளில்லாத ரயில் உருள ஆரம்பித்தது. கீழே லாக் மெகாண்டிக் என்ற ஊர். மணிக்கு 100 கிலோமீற்றருக்கும் மேலான வேகத்தில் ஊருக்குள் வந்து கவிழ்ந்து தீப்பிடித்தது. 47 பேர் இறந்தார்கள். பிறகு விசாரித்த அதிகாரிகள், குறைந்தது 17 பிரேக்காவது இறுக்கியிருக்க வேண்டும் என்றார்கள். அதோடு நிற்கவில்லை. இந்த விபத்துக்கு 18 காரணங்களை எழுதினார்கள். ஓட்டுநர் செய்த பிழை அதில் ஒன்று. எஞ்சினைச் சரியாகத் திருத்தாதது, கம்பனியின் கவனக்குறைவு, மேற்பார்வை போதாதது எல்லாம் அதில் சேர்ந்தே இருந்தன.

அந்த ரயில்காரர் செய்த பிழையைத்தான் நாமும் தினம் செய்கிறோம். காலை பிரேக்கில் வைத்துக்கொண்டே லீவரை இழுக்கிறோம். கியரைப் போடுகிறோம். இறங்கிவிடுகிறோம். வண்டியைப் பிடித்திருப்பது கியரா, ஹேன்ட் பிரேக்கா என்று பார்ப்பதே இல்லை. நாங்களும் மோட்டார் வாகனம் ஓட்டுகிறவர்கள்தான். நாங்களும் இப்படி இறங்கிப் போனவர்கள்தான்.

ஆகவே டிரைவர் சகோதரர்களே, ஆட்டோ வைத்திருக்கும் தம்பிமாரே, ஐந்து விசயம் கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, லயத்துக்கும் பிள்ளை மடுவத்துக்கும் நேர் மேலே நிறுத்த வேண்டாம். பத்தடி தள்ளிச் சமமான இடம் இருந்தால் அங்கே நிறுத்துங்கள்.

இரண்டாவது, ஹேன்ட் பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, கால் பிரேக்கை மெதுவாக விட்டுப் பாருங்கள். வண்டி அசைந்தால் அந்த ஹேன்ட் பிரேக்கை நம்ப வேண்டாம்.

மூன்றாவது, எஞ்சினை நிறுத்தி கியரில் விடுங்கள். மூக்கு மேலே பார்த்தால் முதலாம் கியர், கீழே பார்த்தால் ரிவர்ஸ். ஓட்டோ கியர் காரில் முதலில் ஹேன்ட் பிரேக், பிறகு 'பார்க்'.

நாலாவது, ஸ்டியரிங்கை மண்மேட்டுப் பக்கம் திருப்பி விடுங்கள். உருண்டாலும் மண்ணில்தான் முட்டும், பள்ளத்துக்குப் போகாது.

ஐந்தாவது, சில்லின் இறக்கப் பக்கம் கல்லோ கட்டையோ வையுங்கள். பாரம் ஏற்றும் முன்னமே வையுங்கள், ஜாக் போடும் முன்னமே வையுங்கள். கிளம்பும்போது அதை எடுத்து ஓரத்தில் போடுங்கள். நடு ரோட்டில் கிடந்தால் சைக்கிள்காரன் விழுவான்.

கல் வைக்கும் டிரைவரைப் பார்த்து "பயந்தாங்கொள்ளி", "ஓட்டத் தெரியாதவன்" என்று சிரிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை விட்டுவிடுவோம். கல் வைக்கிறவன் நம்ம பிள்ளைகளை நினைத்துத்தான் வைக்கிறான்.

தாய்மாரே, உங்களுக்கும் வேலை உண்டு. நிறுத்தின ஆட்டோவில் பிள்ளைகளை ஏறி விளையாட விடாதீர்கள். லீவரைத் தட்டிவிடுவதும் கிளச்சை அமத்துவதும் பிள்ளைக்கு விளையாட்டு. கியரில் விட்ட ஆட்டோகூட கிளச்சை அமத்தினால் போய்விடும். சரிவில் நிற்கும் வண்டிக்குக் கீழ்ப்பக்கம் உட்கார்ந்து இளைப்பாறாதீர்கள். வண்டி உருண்டால் குறுக்கே போகாதீர்கள், கையால் பிடிக்காதீர்கள், ஓடிப்போய் உள்ளே ஏறவும் பார்க்காதீர்கள். உரக்கக் கத்தி, கீழே இருப்பவர்களை விலகச் சொல்லுங்கள். இரும்பு போனால் வாங்கலாம். ஆள் போனால் வராது.

கடைசியாக ஒன்று. பழுதைச் சொன்னவரை நச்சரிப்பவர் என்று பார்க்கக் கூடாது. இனிமேல் வாயால் மட்டும் சொல்ல வேண்டாம். எங்கள் காரியாலயத்தில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். எந்த வண்டி, என்ன பழுது, எந்தத் திகதியில் சொன்னது என்று எழுதிக் கையெழுத்து வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் சொல்லுங்கள், நாங்கள் எழுதுகிறோம். வாராவாரம் அந்தக் கொப்பியைப் பெரியையாவிடம் நாங்களே கொண்டுபோய்க் காட்டுவோம். அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் அந்த லொறியின் கேபிளைத்தான் எழுதினோம். புதுக் கேபிள் போட்டாயிற்று. அந்தத் தம்பியே இன்றைக்கும் அந்த லொறியை ஓட்டுகிறார். இப்போது அவருடைய சீட்டுக்குக் கீழே இரண்டு மரக்கட்டை இருக்கிறது. போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள்.