குளிர்நாட்டில் ஒரு வாழை



திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய எங்கள் வளவுகளில் வாழை என்பது கிணற்றடி நீரைக் குடித்துத் தானாகவே வளரும் பிள்ளை. ஆடியிற் கச்சான் காற்று அதன் இலையைக் கிழிக்கும். மார்கழியில் வாடை சில வேளை மரத்தையே சாய்க்கும். ஆனால் குளிரால் ஒரு வாழை மடிந்ததை இங்கே எவரும் கண்டிலர். ஆதலால், கனடாவின் ரொறொன்ரோ நகரில் வாழும் என் மகள், "அப்பா, வாழை செத்துப்போச்சு" என்று தொலைபேசியிற் சொன்னபோது, என்ன மறுமொழி கூறுவதென்று எனக்குத் தெரியவில்லை.

அவள் வாழை வளர்த்தது பழத்துக்காக அன்று. அவளுடைய தாயார் காலமானது ஒரு தை மாதத்தில். திவசத்தன்று தன் கையால் வெட்டிய இலையிற் படைக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். அங்குள்ள தமிழ்க் கடைகளில் இலை வாங்கலாமே என்றேன். "அது கடை இலை, அப்பா" என்றாள். நான் மேலே பேசவில்லை.

நான் கலைப் பட்டதாரி. தாவரவியல் என் பாடமன்று. எங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் மாணவன் போல அமர்ந்து கேட்டறிந்தேன். நாம் வாழைமரம் என்று சொல்வது மரமே அன்று. இலைகளின் அடிப்பகுதிகள் ஒன்றையொன்று சுற்றி நின்ற உருளை அது. நாம் கறி சமைக்கும் தண்டு, பூக்கும் பருவத்தில் அதனூடே மேலெழுவது. மெய்யான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்குதான். 1964ஆம் ஆண்டு டிசம்பரில், வட இலங்கையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த புயலில் எங்கள் வளவு வாழைகள் யாவும் சாய்ந்தன என்றும், சில மாதங்களில் அதே இடத்திற் குட்டிகள் எழுந்தன என்றும் என் தகப்பனார் சொல்லுவார். கிழங்கு பிழைத்தால் வாழை பிழைத்தது.

குளிர்நாட்டார் செய்வதும் கிழங்கைக் காப்பதே. வெப்பம் 14 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் வாழையின் வளர்ச்சி ஏறத்தாழ நின்றுவிடும். ஓரிரவு உறைபனி விழுந்தால் இலை கருகும். ஆயினும் தென் சீனத்தைத் தாயகமாகக் கொண்டு, ஜப்பானில் நெடுங்காலம் வளர்க்கப்பட்டுவரும் 'பாஷோ' என்னும் வாழை பெருங்குளிர் தாங்கும். 17ஆம் நூற்றாண்டின் ஜப்பானியக் கவிஞர் மட்சுவோ பாஷோ தம் குடிசையருகே நின்ற இவ்வாழையின் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டார். இதன் காய் உண்ணத் தகாதது. கவிஞருக்கு அது குறையாகத் தோன்றவில்லை போலும்!

முதல் உறைபனியில் இலை கருகியதும் அதன் மேற்பகுதியை இடுப்பளவில் வெட்டிவிடுகிறார்கள். சுற்றிலும் கம்பிவலை நாட்டி, உள்ளே வைக்கோலும் உலர்ந்த சருகும் நிரப்பி, மழைநீர் இறங்காதவாறு மேலே மூடுகிறார்கள். வைக்கோல் சூட்டை உண்டாக்குவதில்லை. நிலத்திலுள்ள சூட்டை வெளியேறாமற் காக்கிறது, அவ்வளவே. நீர் புகுந்தாற் கிழங்கு அழுகிவிடும். குளிரைவிட ஈரமே கொடியது என்கிறார்கள். என் மகள் நிலத்தில் விட்டிருந்ததோ நம்மூர்க் கதலி. பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை வரை குளிரும் இரவுகளை அது எவ்வாறு தாங்கும்?

இவ்வளவும் அறிந்தபின் அவளுக்குப் பாஷோ வாழையையே நடச் சொன்னேன். அவளோ என்னிலும் தெளிவானவள். "தை மாதத்தில் அதுக்கு இலை இருக்குமோ, அப்பா?" என்று கேட்டாள். இராது. உயிர் நிலத்தினுள் உறங்க, மேலே வெறும் வைக்கோற் கூடு நிற்கும். மரத்தைப் பிழைக்க வைக்கும் வழியைத் தேடிய நான், இலையை மறந்துவிட்டேன்.

முடிவில் இரண்டும் செய்தாள். பாஷோ வெளியே நின்றது. கதலிக் குட்டி ஒன்றைப் பெரிய சாடியில் நட்டு, புரட்டாதியிலேயே வீட்டினுள் கொண்டுவந்து, தெற்கு நோக்கிய யன்னலருகே வைத்தாள். குளிர்காலத்தில் அது மெல்லவே வளரும் என்பதால், மேல்மண் காய்ந்த பின்பே நீர் ஊற்றினாள்.

இவ்வாண்டுத் திவசத்தன்று அவள் ஒரு படம் அனுப்பினாள். இலை சிறியது, ஓரம் சற்றே காய்ந்திருந்தது. சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் வைத்த பின் வடைக்கு இடமில்லாமல், அதை ஒரு தட்டில் வைத்திருந்தாள். யன்னலுக்கு அப்பால், பனி மூடிய வைக்கோற் கூடு தெரிந்தது. அதனுள்ளே கிழங்கு இருக்கிறதா என்பதை வைகாசியில் அறிவோம்.