மனச்சோர்வுக் குளிசையும் குடியும்

(இலங்கைத்துறையில் நடந்த தொழிலாளர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரை)



1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து திருகோணமலை மாவட்டத்துக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்கள் பல. அதன் பின் போரையும் 2004 சுனாமியையும் கண்டோம். இத்தனையையும் சுமந்த மனம் சோர்ந்து நோயாகலாம். அதற்கு அரசாங்க வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்கில் இலவசமாக மருந்து தருகிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் குளிசையோடு எது சேரக்கூடாது என்று நாம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, குடி. சாராயமோ, கள்ளோ, கசிப்போ, எல்லாம் ஒன்றுதான். அமித்ரிப்டிலின் போன்ற குளிசை தூக்கம் தரும். அதோடு குடித்தால் மயக்கம் கூடும். அளவு மிஞ்சினால் மூச்சே அடங்கலாம். குடி மனச்சோர்வையும் கூட்டும்.

"சம்பள நாளில் மட்டும் குளிசையை விட்டுவிட்டுக் குடிக்கிறோம்" என்பவர்கள் நம்மில் உண்டு. அது பலிக்காது. புளுஒக்செற்றின் உடம்பில் வாரக்கணக்கில் தங்கும். வேறு சில குளிசைகளைத் திடீரென விட்டால் தலைசுற்றும், பதற்றம் வரும், நித்திரை கெடும்.

நாளாந்தம் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம். வைத்தியரிடம் சொல்லியே நிறுத்த வேண்டும்.

இரண்டாவது, கடையில் வாங்கும் மருந்து. கொழுந்துக் கூடை சுமந்த முதுகு வலிக்கு டைக்ளோபெனாக், இபுபுரூபன் வாங்குகிறோம். புளுஒக்செற்றின், செர்ட்ரலின் எடுப்பவருக்கு இவற்றால் வயிற்றில் இரத்தம் கசியலாம். மலம் கறுப்பாகப் போனால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ட்ரமடோல் சேர்ந்தால் நடுக்கம், காய்ச்சல், வலிப்பு வரலாம். தடிமனுக்குப் போடும் பிரிட்டோன் தூக்கத்தைக் கூட்டும். இருமல் பாணியையும் கேட்காமல் குடிக்கக்கூடாது. ஆனால் இருதய நோய்க்கு வைத்தியர் தந்த அஸ்பிரினை நாமாக நிறுத்தவும் கூடாது.

எங்கே மருந்து எடுத்தாலும் கிளினிக் கொப்பியைக் காட்டுவோம்.  குடிப்பதை வைத்தியரிடம் மறைக்க வேண்டாம். அவர் அதற்கேற்ற மருந்தைத் தருவார். மனம் மிக உடைந்திருப்பவரின் குளிசைகளை வீட்டில் ஒருவர் பொறுப்பில் வைத்திருப்போம்.

பேச ஆள் வேண்டுமென்றால் 1926, தேசிய மனநல உதவி இலக்கம். ஒருவரை எழுப்ப முடியாவிட்டால் 1990 இலவச அம்புலன்ஸ்.

கிளினிக் நாளில் வேலையை விட்டுப் போக முடியாதவர்கள் சங்கத்திடம் சொல்லுங்கள். அதற்காகப் பேசுவது சங்கத்தின் வேலை.