மொழி மாற்றும் விசை

பெங்களூரில், அல்சூர் முதல் எலக்ட்ரானிக் சிட்டி வரை, தமிழர் இல்லங்களில் ஒரே கணிப்பொறி மூன்று மொழிகளுக்குப் பணி செய்கிறது. அலுவலகத்துக்கு ஆங்கிலம், அரசு விண்ணப்பத்துக்குக் கன்னடம், ஊரிலுள்ள பெற்றோருக்குத் தமிழ். மொழி மாற்ற, விண்டோஸ் அமைப்பில் இடப்புற ஆல்ட் விசையையும் ஷிப்ட் விசையையும் சேர்த்து அழுத்துகிறோம். ஒரு நாள் அது பயன் தராமற் போகிறது. உடனே பலர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதத் தொடங்கிவிடுகின்றனர். அதுவே வழக்கமாகியும் விடுகிறது. பழுது சிறிது; இழப்போ பெரிது.

நேயர்களே, பழுதை முறையாகத் தேடுவோம். முதலில், விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசையை அழுத்துவோம். மொழிப் பட்டியல் தோன்றும். அதில் தமிழ் இல்லையெனில், அதைச் சேர்ப்பதே தீர்வு. தமிழ் இருந்து, தேர்ந்தெடுத்தவுடன் எழுத்தும் வந்தால், மொழியில் குறையில்லை. குறுக்குவழி மட்டுமே தவறியிருக்கிறது.

அடுத்து, பட்டியலில் எத்தனை மொழிகள் என எண்ணுவோம். கன்னடம் புதிதாகச் சேர்ந்திருந்தால், ஒருமுறை அழுத்தும்போது தமிழுக்குப் பதில் கன்னடம் வரக்கூடும். அது பழுதன்று, வரிசை மாற்றமே. மீண்டும் அழுத்தினால் தமிழ் வந்துவிடும்.

எத்தனை முறை அழுத்தியும் மாறாவிடில், அமைப்புகளில் 'நேரமும் மொழியும்' என்ற பகுதிக்குள் தட்டச்சுப் பிரிவைத் திறந்து, விசைப்பலகைக்குரிய மேம்பட்ட அமைப்புகளில் மொழி மாற்றும் விசைகளைப் பார்க்க வேண்டும். அங்கே அந்த விசைகள் எதற்கும் ஒதுக்கப்படாமல் இருக்கலாம், மீண்டும் ஒதுக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு மொழிக்கும் தனி எண்ணும் தரலாம்: ஆல்ட், ஷிப்ட், 1 என்றால் தமிழ், 2 என்றால் கன்னடம். அப்போது வரிசைக் குழப்பமே எழாது. ஒரே ஒரு மென்பொருளில் மட்டும் தவறினால், அம்மென்பொருள் அதே விசைகளைத் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டதா என்று ஆராய்வது நலம்.

தமிழ் வந்தும் எழுத்துக்கள் தடுமாறினால், விசைப்பலகை முறை மாறியிருக்கலாம். ஆங்கில 'கே' விசையை அழுத்திப் பாருங்கள். 'ம' வந்தால், 1999-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ்99. 'க' வந்தால் இன்ஸ்கிரிப்ட். இன்ஸ்கிரிப்ட் முறையில் அதே விசை கன்னடத்திலும் ககரத்தையே தருகிறது. கன்னடம் கற்கும் நம் பிள்ளைகளுக்கு இது பேருதவி.

ஐந்து நிமிடப் பொறுமை போதும். நம் வீட்டுக் கடிதங்கள் தமிழ் எழுத்திலேயே தொடரும்.