கட்டா, கம்பியா? பிள்ளையின் கை முறிந்தால் ஆசிரியர் செய்யக்கூடியது

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலுதவி பற்றி அரைமணி நேரம் பேசச் சொன்னார்கள். பாம்புக்கடி, வலிப்பு, தீக்காயம் என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டுப் போவதைவிட ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு பிள்ளைக்கு எலும்பு முறிந்தால் என்ன வைத்தியம் செய்வது என்று குடும்பம் எப்படி முடிவெடுக்கிறது, அந்த இடத்தில் நமக்கு என்ன வேலை என்பதுதான் அது. நான் மருத்துவர் இல்லை. நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள். பதினெட்டு ஆண்டுப் பணியில் கை கால் முறிந்த பிள்ளைகளோடு ஏழெட்டு முறை மருத்துவமனைக்குப் போயிருக்கிறேன். அங்கே எலும்பு மருத்துவர்களிடம் விடாமல் கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டவற்றைத்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன்.

வகுப்பில் 206 எலும்புகள் என்று நடத்துகிறோம். அது வளர்ந்தவர்களின் கணக்கு. பிறக்கும்போது ஏறத்தாழ 300 இருக்கும். வளர வளரச் சில ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். பிள்ளையின் எலும்பு பெரியவர் எலும்பின் சிறிய வடிவம் இல்லை. காய்ந்த குச்சியை ஒடித்தால் படக்கென்று இரண்டாகும். பச்சை வேப்பங்குச்சியை ஒடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் பிளக்கும், மறுபக்கம் வளைந்து ஒட்டிக்கொண்டே இருக்கும். பிள்ளைகளின் முறிவுகளில் பல இப்படித்தான். எலும்பைச் சுற்றியுள்ள உறை தடிப்பாக இருப்பதால் சீக்கிரம் கூடியும்விடும். மணிக்கட்டுக்கு அருகே கொஞ்சம் வளைந்து கூடினால்கூட, சிறு வயதாக இருந்தால் வளர்ச்சியில் தானே நேராகிவிடும்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நீண்ட எலும்புகளின் முனைகளில் வளர்ச்சித் தட்டு என்று குருத்தெலும்பு அடுக்கு ஒன்று உண்டு. எலும்பு நீளமாக வளர்வது அங்கேதான். பெண் பிள்ளைகளுக்கு 14, 15 வயது வரையும் ஆண் பிள்ளைகளுக்கு 16, 17 வயது வரையும் அது திறந்திருக்கும். அதில் அடிபட்டால் கை கட்டையாகலாம், கோணலாகலாம். அது தெரிய வருவதற்கு ஓராண்டு ஈராண்டுகூட ஆகலாம். குருத்தெலும்பு எக்ஸ்ரே படத்தில் தெரியாது. அதனால்தான் சில நேரம் மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு வாரம், பத்து நாள் கழித்து மறுபடி வாருங்கள்" என்கிறார். பெற்றோர் காதில் அது "ஒன்றுமில்லை" என்று விழுகிறது, திரும்பிப் போவதில்லை. அந்தத் தேதியை நாம் குறித்துவைத்துக்கொண்டு நினைவுபடுத்தினால் பெரிய உதவி.

இனிக் கட்டு வைத்தியத்துக்கு வருகிறேன். நம் பகுதியில் பேருந்து நிறுத்தத்துக்கு நிறுத்தம் புத்தூர் கட்டு என்று பலகை தொங்குகிறது. திருப்பதிக்குப் பக்கத்திலுள்ள புத்தூரின் பெயர் அது. பலகை மாட்டியவர்கள் எல்லோரும் அந்த ஊரில் கற்றவர்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி ஆகியவற்றை வைத்துக் கட்டுகிறார்கள். இதை மூடநம்பிக்கை என்று கேலி செய்யும் ஆசிரியர்கள் நம்மில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. என் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு முன்கையில் முறிவு. அவன் அப்பா கட்டுக்குத்தான் கூட்டிப்போனார். நான்கு வாரத்தில் கூடிவிட்டது, இப்போது கபடி ஆடுகிறான். இடம் நகராத முறிவை அசையாமல் வைத்திருந்தால் கூடும். மாவுக்கட்டு செய்வதும் அதைத்தான். பத்துப் பேரில் பலருக்குச் சரியானதைக் கண்ணால் பார்த்த ஊரிடம் "கட்டால் ஒரு பயனுமில்லை" என்று சொன்னால், அதன் பிறகு நாம் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள்.

சரியாகாதவர்களில் ஒருவனையும் நான் பார்த்திருக்கிறேன். பக்கத்து ஊர்ப் பையன். ஏழு வயதில் முழங்கையில் அடி. அன்று மாலையே இறுக்கமாகக் கட்டுப் போட்டுவிட்டார்கள். இரவெல்லாம் அழுதிருக்கிறான். "எலும்பு கூடுகிற வலி, பொறுத்துக்கொள்" என்றார்களாம். காலையில் விரல் நீலம். இப்போது ஒன்பதாம் வகுப்பு. வலக்கை விரல்கள் உள்பக்கம் மடங்கியபடியே நின்றுவிட்டன, இடக்கையால் எழுதுகிறான். நன்றாகப் படிக்கிற பையன்தான்.

முன்கையின் தசைகள் உறுதியான உறைக்குள் இருக்கின்றன. அடிபட்ட இடம் வீங்கும்போது மேலே இறுக்கிய கட்டும் இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்றுபோகிறது. சில மணி நேரத்திலேயே, ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில், தசை பட்டுப்போகத் தொடங்கும். பிறகு அது நார்போலச் சுருங்கி விரல்களை இழுத்துவிடும். இதை 1881-இல் விளக்கி எழுதியவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர். இன்றும் அந்த ஊனத்துக்கு அவர் பெயர்தான். (அவர் ரிச்சர்ட் லேயாண்டர் என்ற புனைபெயரில் சிறுவர்களுக்கான கதைகளும் எழுதியவர் என்பது நம் போன்றவர்களுக்குக் கூடுதல் செய்தி.) மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டு இறுகினாலும் இதே ஆபத்துதான். ஆகவே, யார் கட்டினாலும் கட்டிய பின் வலி குறைய வேண்டும். நேரம் ஆக ஆக வலி கூடினாலோ, விரலை லேசாக நீட்டிவிட்டாலே பிள்ளை அலறினாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

போன ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்புப் பெண். மதியம் சாப்பிட்டு முடித்துக் கொய்யா மரத்தில் ஏறியவள், கையை ஊன்றி விழுந்தாள். முழங்கைக்கு மேலே வீங்கிக் கோணலாக இருந்தது. தேர்வு அட்டையை வைத்து, கை இருந்த நிலையிலேயே துப்பட்டாவால் கட்டினோம். 108 வந்தது. தாலுகா மருத்துவமனையில் படம் எடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நூறு நாள் வேலையிலிருந்து அம்மா அப்படியே ஓடிவந்தார், கூடவே அப்பத்தா. அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில்.

மருத்துவர், கம்பி வைக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. வெளியே இன்னும் முப்பது பேர் நின்றார்கள். ஆனால் "ஆபரேசன்" என்ற சொல்லோடு பேச்சு நின்றுவிட்டது. அப்பத்தா, "எங்க பெரியவன் காலே கட்டுலதான் கூடுச்சு. கத்தி வச்சா கை சூம்பிப்போகும்" என்றார். அப்பா போனில், "கையெழுத்துப் போடாத, நான் ராத்திரி வந்து கட்டுக்குக் கூட்டிப்போறேன்" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். "டீச்சர், உங்க பிள்ளையா இருந்தா என்ன செய்வீங்க?"

இந்தக் கேள்வி உங்களில் பலரிடம் வந்திருக்கும். இதற்கு "போடுங்க" என்றும் சொல்லக் கூடாது, "உங்க விருப்பம்" என்று ஒதுங்கவும் கூடாது என்பது என் கருத்து. நான் சொன்னது: "என் பிள்ளையா இருந்தா டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேப்பேன். வாங்க, சேந்து கேப்போம். அண்ணனும் கேக்கட்டும், போனை ஸ்பீக்கர்ல போடுங்க."

எலும்பு எந்த இடத்தில் முறிந்திருக்கிறது, நகர்ந்திருக்கிறதா? விரலுக்கு ரத்தமும் நரம்பும் சரியாகப் போகிறதா? காத்திருந்தால் என்ன ஆகும், இதைச் செய்தால் என்ன ஆபத்து?

கேட்டவுடன் அந்த இளைஞர் நின்று படத்தைத் தூக்கிக் காட்டினார். முழங்கைக்குச் சற்று மேலே முறிந்து, கீழ்த்துண்டு பின்னால் போயிருக்கிறது. முன்னால்தான் கையின் முக்கிய ரத்தக்குழாய் ஓடுகிறது. மணிக்கட்டில் நாடி பலவீனமாக இருக்கிறது. காலை வரை விடுவது சரியில்லை. சதையை வெட்டித் திறக்கும் எண்ணம் இல்லை. மயக்கம் கொடுத்து, எலும்பை இடத்தில் உட்காரவைத்து, தோல் வழியாக இரண்டு மெல்லிய கம்பிகளைச் செலுத்துவார்கள். மூன்று நான்கு வாரத்தில் எடுத்துவிடுவார்கள். கம்பி குத்திய இடத்தில் சீழ் வைக்கலாம், நரம்பில் படலாம். அவை அதிகம் நடப்பதில்லை. ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. போனில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அந்தக் கம்பிய மறுபடி எடுத்துருவாங்களா?" என்று கேட்டார். "எடுத்துருவோம்" என்றார் மருத்துவர். "அப்பச் சரி" என்றார்.

அந்தக் குடும்பத்தை அலைக்கழித்த பயத்தில் பாதி, உள்ளே வைத்த இரும்பு ஆயுள் முழுக்க இருக்கும் என்பது. அதை யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. மற்றவை பணமும் வீட்டு நிலைமையும். அரசு மருத்துவமனையில் அதற்குச் செலவில்லை. தனியார் மருத்துவமனை என்றாலும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு; ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அதில் சேர்ந்த மருத்துவமனைதானா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் இருக்கும் சின்னப் பிள்ளையையும் நான்கு ஆடுகளையும் யார் பார்ப்பது என்ற கேள்விக்குத் திட்டம் எதுவும் இல்லை. அன்று அதற்கு விடை சொன்னவர் எங்கள் சத்துணவு அமைப்பாளர் அக்காதான்.

பள்ளியில் நம் கையில் இருப்பது முதல் ஒரு மணி நேரம். உருவி விடக் கூடாது, எண்ணெய் தேய்க்கக் கூடாது, கோணலை நேராக்க இழுக்கக் கூடாது. எப்படி இருக்கிறதோ அப்படியே, மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாதபடி அட்டையோ மடித்த நாளிதழோ வைத்துக் கட்டுங்கள். முறிவுக்கு அருகே காயத்திலிருந்து ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் மூடுங்கள். மஞ்சளோ காப்பித்தூளோ வேண்டாம். வளையல், காப்பு, கயிறு எல்லாவற்றையும் வீங்கும் முன் கழற்றுங்கள். கோயில் கயிற்றை வெட்டினால் வீட்டில் வருத்தப்படுவார்கள் என்று தயங்க வேண்டாம். வெட்டியதை ஒரு தாளில் மடித்து அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

பிள்ளை அழுகிறதே என்று டீயோ, கலரோ, பிஸ்கட்டோ கொடுக்காதீர்கள். மயக்க மருந்து தேவைப்பட்டால் வயிறு காலியாக இருக்க வேண்டும். அந்தப் பெண்ணை உள்ளே கொண்டுபோகும் முன் மயக்க மருந்து மருத்துவர் முதலில் கேட்டது, "கடைசியாக எப்போது சாப்பிட்டாள்?" என்பதுதான். சத்துணவு முடிந்த நேரம் 12.40 என்று சீட்டில் எழுதி வைத்திருந்தேன்.

விரல்களைச் சோதிக்க மருத்துவர்கள் சொல்லித்தந்த விளையாட்டு ஒன்று உண்டு. கல், காகிதம், கத்தரி என்று பிள்ளைகள் விளையாடுவார்களே, அதேதான். அடிபட்ட கையின் விரல்களால் மட்டும் மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். பிறகு கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த ஒரு வட்டம். ஒவ்வொன்றும் கைக்குப் போகும் ஒரு நரம்பின் வேலையைக் காட்டுகிறது. நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். வலியில் முடியாது என்றால் வற்புறுத்தாதீர்கள். பார்த்ததை நேரத்தோடு எழுதி 108 ஊழியரிடம் கொடுங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பள்ளியில் விழுந்தது என்றால் விசாரணை வருமோ என்ற பயத்தில், "லேசான சுளுக்குதான்மா" என்று பெற்றோரிடம் சொல்லும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் குடும்பம் முதலில் எண்ணெய் தேய்க்கிறவரிடம் போகிறது. எந்த உயரத்திலிருந்து, எப்படி விழுந்தான் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். கட்டுக்குப் போவேன் என்று உறுதியாக நிற்கும் பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: முதலில் படம் எடுத்து எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். முழங்கை, தொடை, காயம் திறந்த முறிவு, விரல் மரத்துப்போனது ஆகியவற்றில் மட்டும் நான் வாதாடவே செய்வேன். "கட்டிப் பார்ப்போம், சரியாகாவிட்டால் போவோம்" என்பது பிள்ளைகளிடம் செல்லாது. பத்து நாளிலேயே எலும்பு கூடத் தொடங்கிவிடும். மூன்று வாரம் கழித்துப் போனால் கோணலாகக் கூடியதைத்தான் மருத்துவர் பார்ப்பார்.

பள்ளிக்குத் திரும்பிய பிள்ளையைப் பற்றிச் சுருக்கமாக. மாவுக்கட்டு நனையக் கூடாது. அரிக்கிறது என்று ஸ்கேலை உள்ளே விடுவார்கள், கவனியுங்கள். துர்நாற்றம் வந்தால் உடனே அனுப்புங்கள். கட்டுப் பிரித்த பின் முழங்கை நீளாது. அது இயல்பு, தானே ஆடி ஓடி வரும். மணல் வாளியைத் தூக்கச் சொல்வதும் அழுத்தி உருவுவதும் மூட்டை இன்னும் இறுக்கிவிடும். அந்தப் பெண்ணுக்குக் கை முழுதாக நீள நான்கு மாதம் ஆனது. அதுவரை அவள் பாடக்குறிப்புகளைப் பக்கத்தில் இருந்தவள் எழுதினாள். இருவர் கையெழுத்தும் இப்போது ஒன்றுபோல் ஆகிவிட்டது என்பது வேறு கதை.

நான் சொன்ன மூன்று கேள்விகளையும், நேரம் குறிக்கும் கட்டங்களையும் அரைப்பக்க அட்டையாக அச்செடுத்து முதலுதவிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். பள்ளிக்கு ஒன்று வீதம் கொண்டுவந்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஊருக்கு அருகில் எலும்பு மருத்துவர் இருக்கும் அரசு மருத்துவமனை எது என்று எழுத, கீழே ஒரு கோடு காலியாக விட்டிருக்கிறேன்.