சிசிலித் தீவின் பெயரேடுகள்



படையெடுப்பும் குடியேற்றமும் இடைக்காலத்து மக்களின் வாழ்வை எவ்வாறு மாற்றின என்பது பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம். முடிமன்னர்களின் வரிசையை ஒப்பிப்பது எளிது. மண்ணில் உழைத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதே நமக்கு வேண்டிய செய்தி. அதை அறிய, இத்தாலி நாட்டின் தென்முனையை ஒட்டிக் கிடக்கும் சிசிலித் தீவுக்குச் செல்வோம்.

அத்தீவில் கிரேக்க மொழி பேசும் கிறிஸ்துவர்கள் வாழ்ந்து வந்தனர். 827-ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவிலிருந்து முஸ்லிம் படைகள் வந்திறங்கின. 831-இல் பலெர்மோ நகரம் அவர்கள் வசமாயிற்று. வாள் ஏந்தி வந்தவர்களின் பின்னே மண்வெட்டியோடு வந்தவர்களும் உண்டு. அராபியரும் பெர்பர் இனத்தாருமாகிய அவர்கள் தீவின் மேற்குப் பகுதியிலே பெருவாரியாகக் குடியேறினர். கரும்பும் எலுமிச்சையும் பருத்தியும் அங்கே செழித்தன. நீர் இறைக்கும் சக்கரங்களும், நீரைத் தேக்கும் தொட்டிகளும், வாய்க்கால்களும் பெருகின. இன்றும் சிசிலித் தீவின் உழவர்கள் பாசனத் தொட்டியைக் குறிக்க வழங்கும் 'ஜெபியா' என்னும் சொல் அரபு மொழியிலிருந்து வந்ததேயாகும்.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் வேறொரு படை வந்தது. பிரான்ஸ் நாட்டின் வடபகுதியைச் சேர்ந்த நார்மானியர்கள் 1061-இல் மெசினாவைப் பிடித்தனர். 1072-இல் பலெர்மோ வீழ்ந்தது. 1091-இல் தீவு முழுவதும் அவர்களுடையதாயிற்று. ஆனால் வென்றவர்களோ சிலர். நிலத்தை அறிந்தவர்களோ தோற்றவர்கள். ஆகவே அரபு எழுத்தர்களை அவர்கள் வேலையில் வைத்துக்கொண்டனர். வரி முறையையும் விட்டுவிடவில்லை. திருப்பி மட்டும் வைத்தனர். முன்பு முஸ்லிம் ஆட்சியில் கிறிஸ்துவர்கள் செலுத்திய தலைவரியை இப்போது முஸ்லிம்கள் செலுத்தலாயினர்.

1130-இல் இரண்டாம் ரோஜர் அரசனாக முடிசூடினான். அவன் அவையில் அல் இத்ரீசி என்னும் அறிஞர் உலகின் நிலநூல் ஒன்றை 1154-இல் எழுதி முடித்தார். ஒரு பாதிரியார் தம் தாயாருக்கு 1149-இல் அமைத்த கல்லறைக் கல்வெட்டு லத்தீன், கிரேக்கம், அரபு ஆகிய மொழிகளிலும், எபிரேய எழுத்தில் எழுதிய அரபு மொழியிலும் பொறிக்கப்பட்டுள்ளது. இவற்றைக் கண்டு வியப்போர் பலர், நாமும் வியக்கிறோம். ஆயினும் அரண்மனை விளக்கின் ஒளியிலே வயற்காட்டை மறந்துவிடலாகாது.

வயற்காட்டின் கதையைச் சொல்வன பெயரேடுகள். அரசன் ஒரு பிரபுவுக்கோ மடத்துக்கோ நிலம் வழங்கும்போது, அந்நிலத்துக் குடும்பத் தலைவர்களின் பெயர்களையும் எழுதிக் கொடுப்பான். அரபு மொழியில் பெயர். அதன் கீழே கிரேக்க எழுத்திலும் அதே பெயர். கைம்பெண்களையும் அவ்வேடுகள் விட்டுவிடவில்லை. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவதை அறிந்த நமக்கு ஏடும் பெயரும் புதியனவல்ல. ஆனால் அந்த ஏடு வேறு வகையானது. செக்ரோலில் பெயர் இருந்தால் கூலி வரும். அங்கே பெயர் இருந்தால் அவர் நிலத்தோடு கட்டுண்டவர். ஒருவர் ஏட்டில் உள்ள குடியானவர் இன்னொருவர் நிலத்தில் காணப்பட்டால் திரும்ப ஒப்படைக்கப்பட வேண்டியவர் ஆவார்.

இதற்கிடையே மூன்றாவது கூட்டம் ஒன்று வந்து சேர்ந்தது. வட இத்தாலியிலிருந்து வந்த இவர்களை லொம்பார்டியர் என்றனர். பியாத்சா, நிக்கோசியா, புத்தேரா முதலிய ஊர்களிலே அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். நிலம் தேடி வந்தவர்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் 1161-இல் அரசனுக்கு எதிராகக் கலகம் மூண்டபோது, லொம்பார்டியர்கள் தம் அண்டையில் உழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் மீது பாய்ந்து பலரைக் கொன்றனர். தப்பியவர்கள் மேற்கேயும் தெற்கேயும் ஓடினர். அரசனோடு பகை கொண்டவர்கள் ஏன் உழவனை வெட்ட வேண்டும்? இக்கேள்வி நம் மனத்தை வருத்துகிறது.

1184-ஆம் ஆண்டின் இறுதியில் இப்னு ஜுபைர் என்னும் பயணி மெசினா அருகே கப்பல் உடைந்து கரை சேர்ந்தார். டிரபானி நகரில் தாம் கண்ட ஒரு செய்தியை அவர் எழுதி வைத்திருக்கிறார். அங்கே ஒரு முஸ்லிம் பெரியவர், ஊர் திரும்பும் ஹஜ் பயணி ஒருவரிடம் தம் மகளை மணந்து அழைத்துச் செல்லுமாறு வேண்டினாராம். மகளும் இசைந்தாளாம். இனிக் காண்போமா என்பது தெரியாமலே பெற்ற மகளை அனுப்பத் துணிந்த தந்தையின் அச்சம் எத்தகையதாக இருந்திருக்க வேண்டும்!

அந்த அச்சம் வீணன்று. 1189-இல் இரண்டாம் வில்லியம் இறந்ததும் பலெர்மோவில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டனர். பலர் மலைகளில் புகுந்தனர். மலைக்கோட்டைகளிலிருந்து எதிர்த்துப் போராடியவர்களை, 1220-களில் தொடங்கி, இரண்டாம் பிரெடெரிக் மன்னன் கூட்டங்கூட்டமாகத் தீவிலிருந்து பெயர்த்து, இத்தாலியின் தென்கிழக்கே லூசெரா என்னும் ஊரில் குடியமர்த்தினான். 1300-இல் அங்கிருந்தும் அவர்கள் கலைக்கப்பட்டு, பெரும்பாலோர் அடிமைகளாக விற்கப்பட்டனர்.

அவர்கள் போன பின்பு சிசிலியின் நிலம் என்னவாயிற்று? மேற்குப் பகுதியில் பல ஊர்கள் பாழாயின. 1239-இல் அதே பிரெடெரிக் மன்னன், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்த யூதர்களைக் கொண்டு பலெர்மோவில் அவுரியும் மருதாணியும் பயிரிடச் செய்தான். அதே ஆண்டில் அவன் இன்னொரு கட்டளையும் இட்டான். கடலின் கிழக்குக் கரையிலிருந்த தன் அதிகாரி வழியாக, சர்க்கரை காய்ச்சத் தெரிந்த இருவரை வரவழைக்க வேண்டும். அக்கலை பலெர்மோவில் அழிந்துபோகாதபடி அவர்கள் மற்றவர்க்கும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதே அந்தக் கட்டளை.